வியாபாரியின் வருஷமும் சர்க்காரின் வருஷமும்

பங்குனி வெயில் தணியத் தொடங்கும் மாலை நேரம். ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றின் கிட்டங்கியில் கூரையைத் தொடுமளவு மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. விரலி மஞ்சள் ஒரு பக்கம், கிழங்கு மஞ்சள் மறுபக்கம். சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் அடுக்கின்மேல் ஏறி நின்று மூட்டைகளை எண்ணிக் குரல் கொடுக்க, கீழே நிற்கும் கணக்கப்பிள்ளை அதைச் சிட்டையில் குறித்துக்கொண்டே நகர்கிறார். முதலாளியோ, வரவேண்டிய பாக்கியை இன்றே அனுப்பிவிடும்படி ஒருவரைத் தொலைபேசியில் வேண்டிக்கொண்டும், தாம் அனுப்பிய தொகை போய்ச் சேர்ந்ததா என்று இன்னொருவரை விசாரித்துக்கொண்டும், வாசலுக்கும் மேஜைக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறார். தேதி மார்ச் 31. பாரத தேசம் முழுவதிலும், சிறு கடை முதல் பெருங் கம்பெனி வரையில், இதே மாலையில் இதே காரியம்தான் நடைபெறுகிறது.

நள்ளிரவில் ஒரு வருஷம் முடிந்து மற்றொன்று பிறந்துவிடும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மஞ்சள் வியாபாரத்தைப் பொறுத்தவரையில் அன்று எதுவும் முடிவதில்லை. தை மாதத்தில் வெட்டத் தொடங்கிய புது மஞ்சள், வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றப்பெற்றுச் சந்தையிலே வந்து குவிகின்ற பருவத்தின் நட்ட நடுவிலேதான் அந்த நாள் விழுகிறது. வாங்கியது மிகுதி, விற்றது சொற்பம், பட்ட கடனோ உச்சத்தில். இந்த நிலையில் இவ்வருஷம் லாபமா நஷ்டமா என்று கேட்டால் அவரால் திட்டமாகச் சொல்ல முடியாது. ஆயினும் சொல்லியாக வேண்டும். செலுத்த வேண்டிய வரியும், வங்கி தரும் கடனும், கூட்டாளியின் பங்கும், தொழிலாளியின் போனஸும் அந்த ஒரு விடையையே ஆதாரமாகக் கொண்டு நிற்கின்றன.

கணக்கு வருஷம் என்னும் இந்த ஏற்பாடு எவ்வாறு உண்டாயிற்று, அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம், வியாபாரி அதனை எவ்விதம் கையாள வேண்டும் என்பதை ஆராய்வது இன்றைக்கு அவசியமாகிறது. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்து, இதுகாறும் வழங்கிய ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரட்டை வழக்கை நீக்கி, ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றையே நிலைநாட்டியிருப்பதால், கடைவீதிகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் இப்போது இதுவே பேச்சாக இருக்கிறது.

கப்பல் திரும்பினால் கணக்கு முடிந்தது

வியாபாரத்துக்கு வருஷம் என்பது இயற்கையாக அமைந்ததன்று. ஆதியில் கணக்கு என்பது காரியத்தோடு தொடங்கிக் காரியத்தோடு முடிந்தது. 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில் சாசனம் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குத் தொடக்கத்தில் நிரந்தர மூலதனம் என்பதே கிடையாது. ஒவ்வொரு கப்பற் பயணத்துக்கும் தனித்தனியே பணம் திரட்டி, கப்பல் திரும்பி வந்து சரக்கு விற்ற பிறகு, முதலையும் லாபத்தையும் பகிர்ந்துகொண்டு கணக்கை மூடிவிடுவார்கள். இது நேர்மையான முறைதான். ஏனெனில் கையில் வந்து சேர்ந்த பணத்தைத் தவிர வேறெதையும் லாபம் என்று எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒரு பயணத்தின் சரக்கு விற்று முடியுமுன் அடுத்த பயணத்தின் கப்பல் புறப்பட்டுவிட, கிடங்கில் இருப்பது எந்தப் பயணத்தின் மிளகு, பண்டகசாலைச் செலவு எவர் கணக்கில் என்று பிரித்தறிவது வரவரக் கடினமாயிற்று. 1657-இல் நிரந்தர மூலதனம் ஏற்பட்டது. ஸ்தாபனம் முடிவின்றி நடக்கும், அதில் பணம் போட்டவர்களோ வருவார்கள், போவார்கள் என்று ஆகிவிட்ட பிறகு, ஓயாது ஓடுகின்ற வியாபாரத்தைக் காலத்தால் அறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லாமற் போயிற்று.

நம் நகரத்தார் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஏஜெண்டுகளை அனுப்பியபோது, பெரும்பாலும் மூன்று வருஷத் தவணைக்கு அனுப்பினார்கள். தவணை முடிந்து ஊர் திரும்பும் ஏஜெண்டு, பேரேட்டை ஒப்புவித்து, ஐந்தொகை காட்டி, அடுத்தவரிடம் பொறுப்பைக் கைமாற்றுவார். வட்டிக்கடைத் தொழிலில் கொடுத்த கடன் விளைவதற்கும் வசூலாவதற்கும் வேண்டிய கால அளவையும், ஒரு மனிதனின் திறமையைச் சோதிப்பதற்கு வேண்டிய கால அளவையும் ஒருங்கே கருதி நிர்ணயித்த தவணை அது.

1494-இல் வெனிஸ் நகரத்தில் அச்சான தம் கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கி எழுதிய லூக்கா பாச்சோலி என்னும் துறவி, வருஷந்தோறும் கணக்கை முடிப்பது நலம், கூட்டு வியாபாரத்தில் அது விசேஷமாக அவசியம் என்று வற்புறுத்தியிருக்கிறார். சர்க்காருக்காக அல்ல, கூட்டாளிகளுக்குள் மனஸ்தாபம் நேராமல் இருப்பதற்காகவே அவர் அவ்வாறு சொன்னார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கணக்கு வருஷத்தின் முதல் நோக்கம், வியாபாரத்தில் சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் நிலையைத் தாங்களே அறிந்துகொள்வதுதான். வரி விதிப்புக்கு அது கருவியானது பிற்காலத்துச் சங்கதி.

(பெட்டிச் செய்தி)
ஏப்ரல் 1 வந்த வழி
இங்கிலாந்தில் 1752 வரையில் வருஷப் பிறப்பு மார்ச் 25. அவ்வருஷம் பஞ்சாங்கத்தைத் திருத்தியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று. இழந்த 11 நாட்களை வரி வருஷத்தோடு சேர்த்துக்கொண்டதன் விளைவாகவே அங்கே தனிநபர் வரி வருஷம் இன்றும் ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது. அந்நாட்டுச் சர்க்காரின் நிதி வருஷமோ மார்ச் 31-இல் முடிகிறது.
இந்தியாவில் ஆதியில் நிதி வருஷம் மே 1-இல் தொடங்கிற்று. இங்கிலாந்தோடு இசைவு கருதி 1867 முதல் ஏப்ரல் 1 என மாற்றப்பட்டது.
ரிசர்வ் வங்கி 80 ஆண்டுகளாக ஜூலை முதல் ஜூன் வரையில் கணக்கு வைத்திருந்தது. பின்னர் தானும் ஏப்ரலுக்கு மாறியது. ஆகையால் அதன் 2020-21ஆம் கணக்கு வருஷத்துக்கு 9 மாதங்களே.

ஒரு தேசம், பல வருஷங்கள்

சர்க்கார் ஏப்ரலைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட பிறகும் வியாபாரிகள் தத்தம் வழக்கத்தை விடவில்லை. சென்னைச் சௌகார்பேட்டையில் குஜராத்தியரும் மார்வாடியரும் தீபாவளியன்று லட்சுமி பூஜையோடு புதுக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தார்கள். அவர்கள் வருஷம் தீபாவளிக்குத் தீபாவளி. தமிழ் வியாபாரிகளில் சிலருக்குச் சித்திரை முதல் நாள் புதுக்கணக்கு, சிலருக்கு விஜயதசமி. வெள்ளைக்காரக் கம்பெனிகளில் பல ஜனவரியைக் கைக்கொண்டன. கிராமத்து நிலவரிக் கணக்கோ இவை எதிலும் சேராமல், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான பசலி ஆண்டின்படி இன்றைக்கும் நடந்துவருகிறது. ஜமாபந்தியில் அதிகாரி முன் விரிக்கப்படும் கணக்குகள் பசலிக் கணக்குகளே. சர்க்கரை ஆலைகளின் வருஷம் அக்டோபர் முதல் செப்டம்பர் வரையில். பஞ்சு வியாபாரத்துக்கும் அதுவே.

இவ்வேறுபாடுகளை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளுவது தவறு. விளைவும் விற்பனையும் ஓய்ந்து, சரக்கு குறைந்து, பாக்கி வசூலாகி, கையில் ரொக்கம் மிகுந்திருக்கும் நாளே கணக்கு முடிப்பதற்கு ஏற்ற நாள். அன்று ஊகத்துக்கு இடம் குறைவு. தீபாவளி வியாபாரம் முடிந்தவுடன் கணக்கை மூடிய ஜவுளிக்காரரிடம் அந்த விவேகம் இருந்தது. அமெரிக்காவின் வால்மார்ட் கம்பெனி, கிறிஸ்துமஸ் விற்பனையும் அதற்குப் பின் திரும்பி வரும் சரக்கும் தீர்ந்த பிறகு, ஜனவரி 31-இல் கணக்கை முடிப்பதும் அதே விவேகம்தான்.

எனினும் இந்தச் சுதந்திரத்துக்குள் ஒரு தீமையும் வளர்ந்தது. 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம், வரி செலுத்துவோர் தமக்கு இசைந்த கணக்கு வருஷத்தை வைத்துக்கொள்ள இடங்கொடுத்திருந்தது. ஒருவர் இரண்டு தொழில் நடத்தினால் இரண்டுக்கும் வெவ்வேறு வருஷம் வைத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தாரே நடத்தும் இரண்டு ஸ்தாபனங்களின் வருஷ முடிவுகள் சில மாதங்கள் முன்பின்னாக இருந்தால், ஒன்றன் லாபத்தை மற்றொன்றுக்கு நகர்த்தி, வரி செலுத்த வேண்டிய காலத்தைத் தள்ளிக்கொண்டே போவது எளிதாயிற்று. வரிப் பிடித்தம் செய்தவர் கணக்கில் ஒரு வருஷமாகவும் பெற்றவர் கணக்கில் மற்றொரு வருஷமாகவும் விழுந்த தொகைகளை ஒத்துப் பார்ப்பதும் அதிகாரிகளுக்கு அரிதாக இருந்தது. ஆகவே 1987-இல் சட்டத்தைத் திருத்தி, வரிக்கு ஏப்ரல்–மார்ச் ஒன்றே வருஷம் என்று செய்தார்கள். அந்த மாறுதல் நடந்தபோது, 1987 தீபாவளியோடு கணக்கு முடித்தவர்களுக்கு அடுத்த வருஷம் 1989 மார்ச் 31 வரையில், ஏறத்தாழ 17 மாதங்கள் நீண்டது. பின்னர் 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், கம்பெனிகளுக்கும் மார்ச் 31-ஐயே கட்டாயமாக்கியது. வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியோடு கணக்கைச் சேர்க்க வேண்டியவர்கள் மட்டும் அனுமதி பெற்று வேறு வருஷம் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே வருஷம் என்ற ஏற்பாடு நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அதற்கு வியாபாரிகள் கொடுத்த விலை சிறிதன்று. தன் தொழிலின் பருவத்தை ஒட்டி, தன் வீட்டுப் பூஜையோடு, தானே உட்கார்ந்து கணக்குப் பார்த்த நாள் அவர்களை விட்டுப் போயிற்று. கணக்கு முடிப்பது ஆடிட்டருக்குச் செய்யும் காரியம், வரிக்காகச் செய்யும் காரியம் என்ற எண்ணம் அதன் இடத்தில் வந்து குடிகொண்டது.

ஒரு தேதி செய்யும் வேலை

அந்த ஒரு தேதியின் விளைவுகள் எவ்வளவு தூரம் செல்கின்றன என்பதற்கு மஞ்சள் கிட்டங்கியையே எடுத்துக்கொள்வோம். குவிண்டால் 12,000 ரூபாய் அடக்கத்தில் 500 குவிண்டால் இருப்பு உள்ளதாக வைத்துக்கொண்டால், இருப்பின் மதிப்பு 60 லட்சம். அடக்கவிலை, விற்றால் கிடைக்கும் விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே இருப்பின் மதிப்பு என்பது கணக்கியல் விதி. மார்ச் 31-இல் சந்தை விலை 11,000 ஆக இறங்கியிருந்தால், இருப்பை 55 லட்சம் என்றே எழுத வேண்டும். விற்காத சரக்கின்பேரில் 5 லட்சம் நஷ்டம் இவ்வருஷத்திலேயே ஏறிவிடும். விலை 14,000 ஆக உயர்ந்திருந்தாலோ, மதிப்பு 60 லட்சமாகவே நிற்கும். 10 லட்சம் ஆதாயம் விற்கும் வருஷத்துக்குப் போகும். நஷ்டத்தை முன்கூட்டியே ஏற்று, லாபத்தைக் கைக்கு வந்த பிறகே ஏற்கும் இந்த விதி, வியாபாரியைத் தன் ஆசையினின்று காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது. அதை மீறி இருப்பை 5 லட்சம் கூட்டி எழுதினால் இவ்வருஷ லாபம் 5 லட்சம் கூடும். ஆனால் இந்த இறுதி இருப்பே அடுத்த வருஷத்தின் ஆரம்ப இருப்பு ஆதலால், அதே 5 லட்சம் அடுத்த வருஷ லாபத்தைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்கும். வங்கிக்காகக் கூட்டி எழுதியவர் மறுவருஷம் அதைவிடக் கூட்டி எழுத வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு ஆளாவதைக் கடைவீதியில் பார்த்தவர்கள் அநேகர்.

இதே கிட்டங்கி, புது மஞ்சள் வருமுன் டிசம்பர் இறுதியில் ஏறக்குறையக் காலியாக இருக்கும். அன்று கணக்கு முடித்தால் இத்தனை வாதத்துக்கும் இடமே இல்லை.

இயந்திரம் வாங்குவோருக்கு அக்டோபர் மாதத்தின் தொடக்கத்திலே ஒரு கோடு இருக்கிறது. வாங்கிய வருஷத்தில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்ட இயந்திரத்துக்கு அவ்வருஷம் பாதித் தேய்மானமே வரிக் கணக்கில் அனுமதி. பிப்ரவரிக்கு 28 நாட்கள் உள்ள வருஷத்தில், அக்டோபர் 3-ஆம் தேதி ஓடத் தொடங்கிய இயந்திரத்துக்கு மார்ச் 31 வரையில் சரியாக 180 நாட்கள். 4-ஆம் தேதி தொடங்கியதற்கு 179. 40 லட்சம் ரூபாய் இயந்திரத்துக்கு 15 சதவிகிதத் தேய்மானம் 6 லட்சம்; ஒரு நாள் தாமதித்தால் 3 லட்சம். விடுபட்டது அடியோடு போய்விடுவதில்லை, பின்வருஷங்களுக்குத் தள்ளப்படுகிறது. ஆனாலும் கடனில் இயந்திரம் வாங்கிய சிறு தொழிலதிபருக்கு முதல் வருஷத்து வரிச் சலுகைதான் பெரிய உதவி.

எல்லாவற்றினும் மேலாகச் சிறு தொழில்களைத் தொட்டது, 2023-24ஆம் கணக்கு வருஷம் முதல் வந்த ஒரு விதி. குறுந்தொழில், சிறுதொழில் நடத்துவோரிடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் கொடுத்தாக வேண்டும். கெடு தவறினால், அந்தச் செலவைக் கொள்முதல் வருஷத்தில் கழிக்க இயலாது, பணம் கொடுத்த வருஷத்திலேதான் கழிக்கலாம். பிப்ரவரி முதல் தேதியில் 10 லட்சம் ரூபாய்க்குத் துணி வாங்கி, மார்ச் 31 வரையில் பணம் கொடுக்காதவருக்கு, அந்த 10 லட்சமும் வருமானத்தோடு சேர்ந்துவிடும். 90 நாள், 120 நாள் கடன் என்பதே தர்மமாக இருந்த ஜவுளிச் சந்தைகளில் இது பெருங் கலக்கத்தை உண்டாக்கியது. கொள்முதலைச் சிறுதொழிலாகப் பதிவுபெறாதவரிடம் மாற்றிவிடுவார்களோ என்று விசைத்தறிக்காரர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. எனினும் நெசவாளிக்குச் சேரவேண்டிய பணத்தை நான்கு மாதம் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யும் வழக்கத்துக்கு, எந்த அதிகாரியும் வந்து கேட்காமலேயே, வருஷக் கடைசி நாள் ஒரு தடையாக வந்து நிற்பது நல்லதென்றே நான் கருதுகிறேன்.

தொழிலாளிக்கும் இந்தத் தேதியில் பங்கு உண்டு. 1965-ஆம் வருஷத்துப் போனஸ் சட்டம், குறைந்தபட்சம் 8.33 சதவிகிதமும் அதிகபட்சம் 20 சதவிகிதமுமான போனஸைக் கணக்கு வருஷம் முடிந்த 8 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று வகுத்தது. மார்ச்சில் முடிகிற வருஷத்துக்கு அந்தக் கெடு நவம்பர் 30. ஐப்பசியில் வருகிற தீபாவளிக்கு முன் கோயமுத்தூர் மில்களிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் போனஸ் பேச்சு சூடுபிடிப்பது, பண்டிகையும் கெடுவும் அவ்வாறு நெருங்கி அமைந்ததனாலேயே.

(பெட்டிச் செய்தி)
மார்ச் 31-ஐத் தொடர்ந்து
ஏப்ரல் 1: ஜி.எஸ்.டி. விலைப்பட்டியல்களுக்குப் புதிய வரிசை எண். ஒரே நிதி வருஷத்துக்குள் ஒரு எண் திரும்ப வரலாகாது.
செப்டம்பர் 30: கம்பெனிகளின் வருடாந்தரப் பொதுக் கூட்டத்துக்குக் கடைசி நாள், முதல் கூட்டமாயின் 9 மாதம் வரை அவகாசம்.
நவம்பர் 30: முடிந்த வருஷத்துக் கொள்முதலின் உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்வதற்குக் கெடு, வருடாந்தர அறிக்கையை முன்னரே கொடுத்துவிட்டால், அந்த நாளே கெடு.
டிசம்பர் 31: ஜி.எஸ்.டி. வருடாந்தர அறிக்கைக்குக் கெடு.

அலங்காரமும் அதன் பலனும்

ஒரே நாளில் எல்லாரையும் நிறுத்தி அளந்தால், அந்த நாளுக்காக மட்டும் அலங்கரித்துக்கொள்ளும் பழக்கம் உண்டாவது இயல்பு. மார்ச் கடைசி வாரத்தில், வேண்டாத சரக்கை வியாபாரியின் தலையில் இறக்கி விற்பனையாகக் காட்டுவதும், ஏப்ரலில் அதையே திரும்ப எடுத்துக்கொள்வதும், 30-ஆம் தேதி கடனை அடைத்து 2-ஆம் தேதி மீண்டும் வாங்குவதும் எல்லாத் தொழில்களிலும் காணப்படுகின்றன. வங்கியில் ஒருவருக்குக் கடன் வரம்பு நிர்ணயிக்கும்போது, வருஷ விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு என்ற நாயக் கமிட்டியின் அளவை இன்றும் சிறு தொழில்களுக்கு ஆதாரமாக இருப்பதால், விற்பனைத் தொகையைப் பெருக்கிக் காட்டும் ஆசை வலுக்கிறது. அப்படிப் பெற்ற கடன், நடக்காத வியாபாரத்துக்காகப் பெற்ற கடன். வட்டியோ நடக்கிற வியாபாரத்திலிருந்து போகிறது.

அலங்காரம் செய்யாதவர்களுக்கும் மார்ச் 31 அநியாயம் செய்வது உண்டு. சிவகாசியில் பட்டாசு உற்பத்தி ஏறக்குறைய வருஷம் முழுவதும் நடக்க, விற்பனையின் பெரும்பகுதி தீபாவளியை ஒட்டியே நடைபெறுகிறது. மார்ச் இறுதியில் பார்த்தால் கிடங்கு நிறையச் சரக்கும் கழுத்தளவு கடனுமாகத் தோன்றும் அதே தொழிற்சாலை, தீபாவளி முடிந்து வசூலும் வந்த பிறகு, கடனற்று நிமிர்ந்து நிற்கும். வங்கி அதிகாரியின் மேஜைக்குப் போகும் ஐந்தொகையோ மார்ச் மாதத்தது.

ஜனவரிக்கு மாற்றினால்?

வருஷத்தையே மாற்றிவிடலாம் என்ற யோசனை புதிதன்று. எல்.கே.ஜா தலைமையிலான கமிட்டி 1985-இல், தென்மேற்குப் பருவமழையின் பலனை அறிந்து வரவு செலவுத் திட்டம் வகுப்பதற்கு ஜனவரி–டிசம்பரே ஏற்றது என்று சொல்லிற்று; சர்க்கார் ஏற்கவில்லை. 2016-இல் சங்கர் ஆச்சார்யா தலைமையில் மீண்டும் ஒரு கமிட்டி அமைந்தது. 2017-இல் மத்தியப் பிரதேசம் ஜனவரிக்கு மாறப்போவதாக அறிவித்தது, அது நடைபெறவில்லை. சர்க்காரின் திட்டங்களுக்கு மாறுதல் நன்மை தரலாம். ஆனால் வியாபாரிகளின் குறையை அது தீர்க்காது; டிசம்பர் மஞ்சளுக்குப் பொருந்தும், கரும்பு அரைவை நடக்கும் சர்க்கரை ஆலைக்குப் பொருந்தாது. எல்லாத் தொழிலுக்கும் ஒத்த ஒரு நாளைப் பஞ்சாங்கத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஆகையால் வியாபாரி செய்யத்தக்கது, சர்க்காருக்கு மார்ச் 31-ஐக் கொடுத்துவிட்டு, தன் தொழிலுக்குரிய நாளைத் தான் மீட்டுக்கொள்வதே. சென்னையைச் சுற்றியுள்ள அந்நிய நாட்டுக் கிளைக் கம்பெனிகள் பல, தாய்க் கம்பெனிக்காக டிசம்பரிலும் நம் நாட்டுச் சட்டத்துக்காக மார்ச்சிலும் ஆக இருமுறை கணக்கு முடிக்கின்றன. கணிப்பொறி வந்த பிறகு, எந்தத் தேதிக்கு வேண்டுமானாலும் ஐந்தொகை எடுப்பது எளிது. இருப்பை எண்ணுவதும் பாக்கிகளைச் சரிபார்ப்பதுமே உழைப்பு.

அந்த இரண்டாவது கணக்கில், சட்டம் கேளாத சிலவற்றைச் சேர்த்து எழுத வேண்டும். கடையில் உழைக்கும் மகனுக்கும் மனைவிக்கும் வெளியாளுக்குக் கொடுக்கும் சம்பளம் எவ்வளவோ அதைச் செலவாக எழுத வேண்டும்; சொந்தக் கட்டடத்துக்கு வாடகை எழுத வேண்டும்; போட்டிருக்கும் முதலுக்கு வங்கி வட்டி எழுத வேண்டும். ஒரு பருவம் கடந்தும் வராத பாக்கியை லாபத்திலிருந்து நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவும் கழித்த பிறகு எஞ்சுவதுதான் வியாபாரத்தின் லாபம். வரிக் கணக்கில் லாபம் காட்டிய கடைகள் பல, இந்தக் கணக்கில் குடும்பத்தாரின் கூலியையே லாபம் என்று எண்ணிக்கொண்டிருந்தது தெரியவரும்.

கூட்டாளிகள் இருந்தால் அவர்களும் அன்றைக்கே உடன் அமர்ந்து பார்க்க வேண்டும். ஆடிட்டரின் கையொப்பத்துக்காக ஆறு மாதம் காத்திருந்தால், சரக்கை வாங்கியவர் யார், விலையைக் குறைத்தவர் யார் என்பதெல்லாம் மறந்துபோய், மனக்கசப்பு மட்டும் மிஞ்சும். பட்டாசுக்காரருக்கு அந்த நாள் தீபாவளி கழிந்து இரண்டு வாரங்களுக்குள். மஞ்சள்காரருக்கு மார்கழிக் கடைசி. பள்ளிச் சீருடை தைப்பவருக்கு ஜூலை. விற்காமல் திரும்பிய சரக்கு கிடங்கில் இருக்கும்போதே, வசூலுக்குப் போன ஆள் ஊர் திரும்பிய சூட்டிலேயே, அடுத்த பருவத்துக்கு எந்த ரகம், எவ்வளவு, எந்த ஊர்க் கடைக்குக் கடன், எந்த ஊர்க் கடைக்கு ரொக்கம் என்பவற்றை நிர்ணயித்துக்கொண்டவருக்கு, மார்ச் 31 மாலையில் மிஞ்சியிருப்பது மூட்டைகளை எண்ணும் வேலை ஒன்றுதான்.